மாடும் சைவம்தான்

அப்பாவின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 9.4 என்று தாளில் வந்த அன்று, பாளையங்கோட்டை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு அவர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். "நாம சைவம்லா? கறி, மீன் வாசனைகூட இந்த வீட்டுக்குள்ள வந்ததில்ல. குடி கிடையாது, பீடி கிடையாது. நமக்கு எப்படிட்டீ கூடும்?"

நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். அடுக்களையிலிருந்து அத்தை வந்தாள், கையில் அகப்பையோடு.

"மாடும் சைவம்தான் அண்ணாச்சி. அது புல்லைத் திங்குது. நீங்க முறுக்கையும் மிச்சரையும்லா திங்கிய."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். அப்பா அன்று முழுக்க அத்தையோடு பேசவில்லை. ஆனால் சர்க்கரை வந்த எட்டு வருடமாக அப்பாவுக்கு எத்தனையோ பேர் பக்குவமாகச் சொன்ன புத்தியில் ஒன்றுகூட ஏறவில்லை. இந்த ஒரு வாக்கியம் ஏறியது. மறுநாள் காலையில் மிச்சர் டப்பாவை அவரே எடுத்து, வீட்டு வேலைக்கு வருகிற அக்காவிடம் கொடுத்தார். அத்தை அதற்கும் விடவில்லை. "அவளுக்கு மட்டும் சர்க்கரை வரட்டும்னா?" என்றாள்.

அப்பா கேட்ட கேள்வியை அதற்குப் பிறகு நான் எத்தனையோ வீடுகளில் கேட்டுவிட்டேன். சைவமாக இருந்தும் இரத்தக் கொதிப்பு, சைவமாக இருந்தும் நெஞ்சுவலி, சைவமாக இருந்தும் ஈரலில் கொழுப்பு. கேட்கும்போது குரலில் ஏமாந்துபோன வருத்தம் இருக்கும். ஏதோ ஒப்பந்தம் போட்டதுபோலவும், நாம் நம் பக்கத்தைக் காப்பாற்றியபோது உடம்பு துரோகம் செய்துவிட்டது போலவும். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நானும் சைவம்தான், சாகும்வரை அப்படித்தான் இருக்கப்போகிறேன். உயிரைக் கொன்று தின்ன எனக்கு மனசு இல்லை, அவ்வளவுதான் காரணம். ஆனால் அந்தக் காரணம் என் மனசைப் பற்றியது. என் கணையத்துக்கு அது தெரியாது. அதற்குத் தெரிவது தட்டில் என்ன விழுந்தது என்பது மட்டுந்தான்.

கடையில் எந்தச் சைவப் பொட்டலத்தை எடுத்தாலும் பச்சைக் கட்டத்துக்குள் பச்சைப் புள்ளி இருக்கிறது. அதற்கு அர்த்தம் உள்ளே இறைச்சி, மீன், முட்டை இல்லை என்பது. அதற்கு மேல் அது ஒன்றும் சொல்லவில்லை. உருளைக்கிழங்கு சிப்ஸில் அந்தப் புள்ளி உண்டு, கிரீம் பிஸ்கட்டில் உண்டு, மைதா பிரெட்டில் உண்டு. வெறும் சர்க்கரையும் பாமாயிலும் மைதாவும் தின்று ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சுத்த சைவமாக இருக்கலாம். ஆனால் நம் ஆட்களின் கண்ணில் அந்தப் பச்சை, டாக்டர் கையெழுத்து மாதிரி தெரிகிறது.

சரி, அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1982இல் சத்துணவுத் திட்டம் தொடங்கியபின் வேலைக்குச் சேர்ந்து, முப்பது வருடத்துக்குக் கிட்ட சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். தலைக்கு எத்தனை கிராம் அரிசி, எத்தனை கிராம் பருப்பு, எவ்வளவு எண்ணெய் என்று பதிவேட்டில் எழுதி எழுதியே பழகிய கை. சமையலை அவள் ருசியால் மட்டும் யோசிப்பதில்லை, எடையால் யோசிப்பாள். அப்பாவின் ரிசல்ட் வந்த வாரம் எங்கள் வீட்டில் தங்கியிருந்தவள், அம்மாவிடம் ஒரு சின்னத் தராசை வாங்கி வரச் சொல்லி, மூன்று நாள் ஒன்றும் பேசாமல் எல்லாவற்றையும் நிறுத்து எழுதினாள். அந்தத் தாள் இன்னும் எங்கள் வீட்டு அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது.

காலையில் ஐந்து இட்லி, சர்க்கரை போட்ட காபி. பதினொரு மணிக்கு இன்னொரு காபி, கூட ஒரு வடை. மதியம் சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று மூன்று சோறு, தொட்டுக்கொள்ள ஒரு கரண்டி பொரியல், அப்பளம் இரண்டு, ஊறுகாய். நாலு மணிக்கு காபி, மிச்சர். இரவு நாலு தோசை. நம்மில் பலருக்கு இதுதான் 'வீட்டுச் சாப்பாடு', இதுதான் 'சத்தான உணவு'. அரிசியை மாவாக்கி அவித்தது, அரிசியை அப்படியே வடித்தது, அரிசியை மாவாக்கிச் சுட்டது. அப்பா ஒரு நாளைக்கு உள்ளே தள்ளிய அரிசி, வேகாத எடையில், 380 கிராம்.

சாம்பார் இருக்கிறதே, பருப்பு இருக்கிறதே என்று அம்மா கேட்டாள். அத்தை கணக்கைக் காட்டினாள். நாலு பேருக்கு 100 கிராம் துவரம்பருப்பு. அதில் புரதம் 22 கிராம் போல. தலைக்கு ஐந்தரை கிராம். "இது பருப்புக் குழம்பு இல்ல மதினி, பருப்பு குளிச்ச தண்ணி" என்றாள். பொரியலுக்குக் கால் கிலோ அவரைக்காய் நறுக்கியிருந்தாள் அம்மா. அதுவும் நாலு பேருக்கு. தலைக்கு 60 கிராம் காய்.

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு தட்டு போட்டிருக்கிறார்கள். தானியம் 250 கிராம், காய்கறி கீரையோடு சேர்த்து 400 கிராம், பருப்பு பயறு 85 கிராம், கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, எண்ணெய் 27 கிராம். இதை அப்பாவின் தாளுக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அரிசி ஒன்றரை மடங்கு. காய் ஆறில் ஒரு பங்கு. பருப்பு, இட்லி உளுந்தையும் சேர்த்தால்கூட, முக்கால்வாசியை எட்டவில்லை. எண்ணெயை மாதக் கணக்கில் பார்த்தோம்: நாலு பேருக்கு மூன்றரை லிட்டர் போதும், நாங்கள் ஆறு லிட்டர் வாங்கிக்கொண்டிருந்தோம்.

அதைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது, எங்கள் எல்லோர் மேலும். காய்கறிச் சாப்பாட்டுக்காரர்கள் என்று பெயர் வைத்துக்கொண்டு காயைத் தொட்டுக்கொள்ள மட்டும் வைத்திருக்கிறோம்.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று சென்னை ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023இல் சொன்னது. அதன் விளிம்பில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடிக்கு மேல். இவர்களில் சைவரும் உண்டு, அசைவரும் உண்டு. இரண்டு தட்டிலும் மலைபோலக் குவிந்திருப்பது ஒன்றுதான், வெள்ளைச் சோறோ மைதாவோ.

அத்தை வைத்த முதல் சட்டம், கரண்டியை மாற்றியது. எங்கள் வீட்டில் சோற்றுக்குப் பெரிய அகப்பை, பொரியலுக்குச் சின்னக் கரண்டி. அவள் இரண்டையும் இடம் மாற்றி வைத்தாள். அவ்வளவுதான். காய் பெரிய அகப்பையில் விழும், சோறு சின்னக் கரண்டியில் விழும். இன்னொரு கரண்டி சோறு வேண்டுமென்றால் முதலில் இன்னொரு அகப்பை கூட்டு வாங்க வேண்டும். அப்பா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: சர்க்கரைக்கு ஊசியோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் திடீரென்று சோற்றைப் பாதியாக்கினால் சர்க்கரை மளமளவென்று இறங்கி மயக்கம் வந்துவிடும். டாக்டரிடம் சொல்லி மருந்தளவைச் சரிசெய்துகொண்டுதான் இதைத் தொடங்கினோம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கீரை, பயறு அளவைக் கேட்டுக்கொண்டுதான் கூட்ட வேண்டும்.

அப்புறம் சுண்டல். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நவராத்திரி ஒன்பது நாளும் நம் வீடுகளில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை, பட்டாணி, கடலைப்பருப்பு என்று தினம் ஒன்று. தேங்காய்த்துருவல், மாங்காய், இஞ்சி. ஒன்பது நாள் முடிந்ததும் எல்லாவற்றையும் பரணில் பொம்மைகளோடு ஏற்றி வைத்துவிடுகிறோம். அத்தை கேட்டாள், "கொலுப் பொம்மைக்கு மட்டுந்தான் புரதம் வேணுமாட்டீ?" சத்துணவில் வாரத்துக்கு ஒரு சுண்டல் நாள் உண்டு, அன்றைக்குப் பிள்ளைகள் தட்டில் மிச்சமே இருக்காது என்பாள்.

அரிசியிலும் புரதம் இருக்கிறது, 100 கிராமுக்கு ஏழு கிராம் போல. ஆனால் அதில் லைசின் என்கிற அமினோ அமிலம் குறைவு. பருப்பு, பயறு வகையில் லைசின் நிறைய. அங்கே குறைவது மெத்தியோனின், அது அரிசியில் போதுமான அளவு இருக்கிறது. ஆக இரண்டும் சேரும்போது ஒன்றின் பள்ளத்தை மற்றது நிரப்புகிறது. இட்லி, பொங்கல், அடை, எங்கள் ஊர் உளுந்தஞ்சோறு எல்லாம் இந்தக் கணக்கில் அமைந்தவை. பாட்டிமார்களுக்கு அமினோ அமிலம் தெரியாது. தின்று உழைத்த உடம்பு தெரியும். தோலோடு உடைத்த உளுந்து, அரிசி, பூண்டு, வெந்தயம், தேங்காய் போட்டு வேகவைத்து, எள்ளுத் துவையலோடு சாப்பிடுவது திருநெல்வேலியில் எல்லோருக்கும் தெரிந்த சாப்பாடு. எள்ளில் சுண்ணாம்புச் சத்து ஏராளம். அத்தை செய்த மாற்றம் ஒன்றுதான்: அரிசியையும் உளுந்தையும் சம அளவாக்கினாள்.

பயறு சாப்பிட்டால் வாய்வு வருமே என்று எல்லோரும் கேட்கிறார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. வரும். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பயறில் இருக்கும் சில சர்க்கரைகளை நம் சிறுகுடலால் செரிக்க முடியாது. பெருங்குடலில் இருக்கும் கிருமிகள் அவற்றைத் தின்று காற்றை வெளியிடுகின்றன. இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதி போய்விடும். முளைகட்டினால் இன்னும் குறையும். பழக்கமில்லாதவர்கள் முதல் நாளே ஒரு கிண்ணம் மொச்சையை அடிக்க வேண்டாம். இரண்டு ஸ்பூனில் தொடங்கி, மூன்று வாரத்தில் கூட்டிக்கொண்டு போனால் குடல் பழகிவிடும். அப்பாவுக்கு முதல் பத்து நாள் கஷ்டமாகத்தான் இருந்தது. திண்ணையில் தனியாக உட்கார்ந்துகொண்டார். பதினைந்தாம் நாள் உள்ளே வந்துவிட்டார்.

விலை அதிகம் என்று சொல்பவர்களுக்கு: நம் ரேஷன் கடையில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதே கடையில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய். பாமாயிலில் கிட்டத்தட்டப் பாதி நிறைகொழுப்பு. இரண்டில் எது முதலில் காலியாகிறது என்று அவரவர் அடுக்களையில் பார்த்துக்கொள்ளுங்கள். மீல்மேக்கரும் மலிவு, எண்ணெய் எடுத்த சோயா மாவில் செய்வது, எடையில் பாதி புரதம். தட்டில் கறித் துண்டு மாதிரி தெரிகிறது என்று எங்கள் சொந்தத்தில் சிலர் அதைத் தொடமாட்டார்கள். அது பீன்ஸ் வீட்டுப் பிள்ளை, தைரியமாகச் சாப்பிடலாம்.

கீரையில் ஒரு சங்கதி. அம்மா வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரை பண்ணுவாள், ஆனாலும் அவளுக்கு இரத்தசோகை. நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இது இருக்கிறது என்று 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அம்மா அந்த வயதைத் தாண்டியும் அதை விடவில்லை. காரணங்கள் பல இருக்கலாம், டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அம்மா விஷயத்தில் ஒன்றை நானே பிடித்தேன். கை கழுவியதும் காபி. செடிகளில் இருந்து வரும் இரும்புச் சத்தை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளாது. காபியிலும் டீயிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு இன்னும் குறைத்துவிடும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்றவற்றில் இருக்கும் வைட்டமின் சி அதற்கு நேர்மாறு, இரும்பை உள்ளே ஏற்றிவிடும். சாப்பாட்டுக்கும் காபிக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விட்டு, கீரையை இறக்கியபின் எலுமிச்சம்பழம் பிழிந்தால் போதும். அம்மா சோற்றைக் குறைக்கச் சொன்னபோது எதிர்க்கவில்லை. காபியைத் தள்ளிவைக்கச் சொன்னபோதுதான் என்னோடு சண்டை போட்டாள். மாத்திரையோடு இதையும் செய்தாள், இப்போது மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவதில்லை.

இனிச் சொல்லப்போவதைச் சைவக்காரர்கள் தயவுசெய்து நின்று படியுங்கள்.

அப்பாவுக்கு மூன்று வருடமாகப் பாதம் எரிந்தது. இரவில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு தூங்குவார். அவரைப் பார்த்துவந்த டாக்டர் சர்க்கரையால் நரம்பு பாதித்திருக்கிறது என்று சொல்லி எரிச்சலுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்று வருடத்தில் ஒரு முறைகூட பி12 அளவைப் பார்க்கச் சொல்லவில்லை. வேறொரு டாக்டர் முதல் நாளே எழுதிக் கொடுத்தார். 200க்கு மேல் இருக்க வேண்டியது 128 இருந்தது.

பி12 வைட்டமினைச் செடிகள் உண்டாக்குவதில்லை. கிருமிகள் உண்டாக்குகின்றன, அது விலங்குகளின் உடம்பில் சேர்கிறது. இறைச்சி, மீன், முட்டை தின்பவர்களுக்குக் கிடைத்துவிடும். பால், தயிரில் கொஞ்சம் உண்டு, ஒரு டம்ளர் காபியில் விழுகிற பால் காணாது. பாலும் வேண்டாம் என்று நனிசைவத்துக்குப் போனவர்களுக்கு உணவிலிருந்து நம்பகமான வழியே இல்லை. இதன்மேல் சர்க்கரைக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் மெட்ஃபார்மின் மாத்திரை, வருடக்கணக்கில் எடுத்தால் பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்கும். அப்பா சைவம், எட்டு வருட மெட்ஃபார்மின், வயது அறுபதுக்கு மேல். மூன்று ஓட்டைகள் இருந்த பானை அது.

பழைய சோற்றில் பி12 இருக்கிறது, சுருள்பாசியில் (ஸ்பைருலினா) இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். சுருள்பாசியில் இருப்பதில் பெரும்பகுதி மனித உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம். பழைய சோறு நல்ல சாப்பாடு, நான் தினமும் குடிப்பேன், ஆனால் நரம்பை அதை நம்பி விடமாட்டேன். இரத்தப் பரிசோதனை செய்யுங்கள், குறைவாக இருந்தால் டாக்டர் சொல்கிற ஊசியோ மாத்திரையோ போடுங்கள். மாத்திரை போட்டால் சைவத்துக்கு இழுக்கு என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். கால் மரத்துப்போனபின் எந்தச் சைவம் வந்து நடத்திக் கூட்டிப்போகும்? நரம்பு நாள்பட்டு கெட்டால் முழுசாகத் திரும்பாது. அப்பாவுக்கு முக்கால்வாசி எரிச்சல் போய்விட்டது. மீதி இருக்கிறது. அந்த மீதியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்று வருடம் நினைவுக்கு வரும்.

சிறுதானியம் பற்றிக் கேட்பீர்கள். 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து எல்லாப் பலகாரக் கடையிலும் தினை லட்டு, கம்பு குக்கீஸ். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து நிஜமாகவே அதிகம், களியாகவோ அடையாகவோ நன்றாகச் சாப்பிடுங்கள். ஆனால் தினை லட்டு லட்டுதான். நாட்டுச்சர்க்கரையும் கருப்பட்டியும் இரத்தத்துக்குள் போனபின் சர்க்கரைதான். வெள்ளைச் சோற்றுக்குப் பதில் வரகரிசிச் சோற்றை அதே மலையாகக் குவித்தால் மலை மலைதான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சைவம் என்பதைச் சாதிக் கௌரவமாகச் சுமக்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் பலமாக உண்டு. தமிழ்நாட்டில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான் சைவம். மீதிப் பேரை விட நாம் சுத்தம் என்கிற நினைப்பில்தான் பாதி வீடுகளில் சைவம் ஓடுகிறது. அத்தை சத்துணவில் வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்கு முட்டை அவித்துத் தோலுரித்துக் கொடுத்தவள். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு உள்ளே வா என்று பாட்டி சொல்வாளாம். "அந்தப் பிள்ளைகளுக்கு அன்னைக்குக் கிடைச்ச ஒரே சத்து அதுதான், எதுக்குக் குளிக்கணும்?" என்று அத்தை நேராக உள்ளே வந்துவிடுவாளாம். வடலூரில் வள்ளலார் 1867இல் தருமச்சாலையில் ஏற்றிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. கொல்லாமையைச் சொன்ன அந்த மனிதர் செய்த பெரிய காரியம் பசித்தவர்களுக்குச் சோறு போட்டது. அடுத்தவர் தட்டை எட்டிப் பார்த்து முகம் சுளிப்பதற்கும் அந்தச் சைவத்துக்கும் சம்பந்தமில்லை. மீன் சாப்பிடுகிற வீட்டுப் பிள்ளைகள் இதைப் படித்தால், உங்களை மாறச் சொல்லவில்லை. மீனோடு கூட ஒரு அகப்பை காயும் ஒரு கிண்ணம் பயறும் வையுங்கள், அது போதும்.

அப்பாவுக்கு இப்போது 7.1. மாத்திரை நிற்கவில்லை, நிற்கும் என்று யாரும் சொல்லவும் இல்லை. எடை ஏழு கிலோ குறைந்திருக்கிறது. மாலையில் சுண்டல் வண்டிக்காரரிடம் போய், கூட வெங்காயமும் மாங்காயும் கேட்டு வாங்கி நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு வருகிறார்.

போன மாதம் நாங்குநேரிப் பக்கம் ஒரு கல்யாணம். பந்தியில் நான் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அத்தை எதிர் வரிசையில். சாம்பார்ச் சோறு முடிந்ததும் பரிமாறுகிற தம்பி சோற்றுக் கூடையோடு வந்தான். அப்பா இரண்டு கையையும் இலைமேல் விரித்துத் தடுத்தார்.

"ரசத்துக்குச் சோறு வேண்டாமா ஐயா?"

"வேண்டாம்பா. அவியல் இருக்கா?"

"இருக்குய்யா."

"கூட்டு?"

"அதுவும் இருக்கு."

"ரெண்டையும் கொண்டா. கரண்டி பெருசா இருக்கட்டும்."

தம்பி ஒரு நிமிடம் அவரைப் பார்த்துவிட்டு உள்ளே போய், அவியல் வாளியையே தூக்கிக்கொண்டு வந்தான். எதிர் வரிசையில் அத்தை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், ஆனால் தோள் குலுங்கியது தெரிந்தது.